லியர் மன்னன், கடைசிக் காட்சி: எந்தப் பாடத்தை வைத்து விளக்கம் எழுதுவது?

கல்லூரிச்சாலை:

ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதுகிறேன். லியர் எந்த மனநிலையில் சாகிறார் என்பதில் விமர்சகர்கள் எப்படிப் பிரிகிறார்கள் என்பதுதான் பொருள். ஏ.சி. பிராட்லி (1904), இறந்த மகள் கார்டீலியா உயிரோடிருக்கிறாள் என்று நம்பி, தாங்க முடியாத மகிழ்ச்சியில் லியர் உயிர்விடுகிறார் என்கிறார். யான் காட் 1960களில் இந்த நாடகத்தை அபத்த நாடக ஆசிரியர் பெக்கெட்டின் பக்கத்தில் வைத்துப் படிக்கிறார். அவர் கணக்கில் ஆறுதலுக்கு இடமே இல்லை. இரண்டு பேரும் ஒரே காட்சியைத்தான் படித்தார்களா என்று சந்தேகம் வருகிறது.

குவார்ட்டோ (தனி நாடகமாக வந்த சிறு அச்சு நூல்), ஃபோலியோ (நாடகங்களைத் தொகுத்த பெரிய நூல்) என்று இரண்டு பாடங்கள், அதாவது அச்சான மூல வடிவங்கள், இருப்பது தெரியும். என்னிடம் இருப்பது எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்த பழைய ஒற்றைத் தொகுதி. அதை வைத்தே எழுதினால் போதுமா? போதாது என்றால் வேலையை எங்கே தொடங்குவது? இன்னொன்று, கட்டுரைகளில் வரும் காட்சி எண்ணும் வரி எண்ணும் என் பிரதியோடு பொருந்துவதில்லை. ஏன்?

ஏட்டுப்பூச்சி:

உங்கள் பொருள் கடைசிக் காட்சி என்பதால் போதாது. வேறு காட்சியாக இருந்தால் ஒருவேளை சமாளித்திருக்கலாம். இரண்டு பாடங்களும் மிகக் கூர்மையாகப் பிரியும் இடங்களில் இது ஒன்று.

முதலில் அடிப்படை. முதல் குவார்ட்டோ 1608இல் வந்தது. அச்சிட்டவர் நிக்கலஸ் ஓக்ஸ், வெளியிட்டவர் நத்தானியல் பட்டர். கிறிஸ்துமஸ் விடுமுறையில், புனித ஸ்டீபன் நாள் (டிசம்பர் 26) இரவில் வைட்ஹால் அரண்மனையில் மன்னர் முன் நடிக்கப்பட்டது என்று அதன் முகப்புத் தாளே சொல்கிறது; அந்த ஆண்டு 1606 என்று கருதப்படுகிறது. இரண்டாம் குவார்ட்டோவின் முகப்பிலும் 1608 என்றுதான் இருக்கும், ஆனால் அது 1619இல் அச்சானது. ஃபோலியோ 1623, ஆசிரியர் இறந்து 7 ஆண்டுகள் கழித்து. குவார்ட்டோவில் மட்டும் இருப்பது ஏறத்தாழ 300 வரி, ஃபோலியோவில் மட்டும் இருப்பது ஏறத்தாழ 100 வரி. இவை போக நூற்றுக்கணக்கான சிறு பாடபேதங்கள்.

18ஆம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர்கள் எதையும் இழக்க மனமில்லாமல் இரண்டையும் ஒன்றாகப் பின்னினார்கள். உங்கள் ஒற்றைத் தொகுதி அந்த வழியில் வந்தது. அதில் உள்ள நாடகம் 1608இலும் அச்சாகவில்லை, 1623இலும் அச்சாகவில்லை. பிராட்லி காலத்து வாசகர்கள் படித்தது அந்தக் கலவைப் பாடத்தைத்தான்.

இப்போது லியரின் சாவு. ஃபோலியோவில், இனி நீ வரமாட்டாய் என்றபின் "ஒருபோதும்" என்ற சொல் 5 முறை வருகிறது. பொத்தானை அவிழ்க்கச் சொல்கிறார், நன்றி சொல்கிறார். பிறகு, "இதைப் பார்க்கிறீர்களா? அவளைப் பாருங்கள், அவள் உதடுகளைப் பாருங்கள், அதோ, அதோ." உடனே "இறக்கிறார்" என்ற மேடைக்குறிப்பு. குவார்ட்டோவில் அதே சொல் 3 முறைதான். பொத்தான் உண்டு, நன்றி உண்டு. உதடுகளும் இல்லை, "அதோ"வும் இல்லை. அதற்குப் பதில் "ஓ, ஓ, ஓ, ஓ". குளோஸ்டர் பிரபுவின் மகன் எட்கர், மயங்கிவிட்டார் என்கிறான். அப்புறம் லியரே பேசுகிறார்: "நெஞ்சே, வெடித்துவிடு." ஃபோலியோவில் அந்த வரி லியரின் விசுவாசப் பிரபு கென்ட்டின் வாயில் இருக்கிறது.

ஆக, பிராட்லியின் மகிழ்ச்சி முழுக்க முழுக்க ஃபோலியோவில் மட்டும் உள்ள இரண்டு வரியில் நிற்கிறது. குவார்ட்டோவை மட்டும் படித்த ஒருவர் அந்த முடிவுக்கு வர வழியே இல்லை. அங்கே லியர் சாவை விரும்பி அழைத்துச் சாகிறார்.

வெண்பலகை:

ஏட்டுப்பூச்சி சொன்னதில் தகவல் சரி. ஆனால் "குவார்ட்டோ என்றால் விரக்தி, ஃபோலியோ என்றால் நம்பிக்கை" என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அங்கேதான் வரும்.

காரணம் 1: இறகு அசைகிறது, அவள் உயிரோடிருக்கிறாள் என்ற வரி இரண்டு பாடங்களிலும் இருக்கிறது. முகம் பார்க்கும் கண்ணாடி கேட்பதும் அப்படியே. குவார்ட்டோ லியரும் நம்புகிறார், பிறகு அந்த நம்பிக்கை உடைகிறது. வேறுபாடு நம்பிக்கை உண்டா இல்லையா என்பதில் இல்லை. அது கடைசி மூச்சில் திரும்பி வருகிறதா என்பதில்தான்.

காரணம் 2: ஃபோலியோ, உதடுகளைப் பார் என்று மட்டும் சொல்கிறது. அங்கே லியர் என்ன கண்டார் என்று சொல்லவில்லை. அசைவா, அசைவின்மையா, மனமயக்கமா? மகிழ்ச்சி என்பது பிராட்லி அந்த இடைவெளியில் நிரப்பியது. அவரே அதை நடிகர் வெளிப்படுத்த வேண்டிய ஒன்றாகத்தான் முன்வைக்கிறார். ஃபோலியோ அவர் வாசிப்புக்கு இடம் தருகிறது, அவ்வளவே. அதே வரிகளைக் கொடூரமான ஏமாற்றமாகப் படித்தவர்களும் உண்டு.

காரணம் 3: "இறக்கிறார்" என்ற குறிப்புக்குப் பிறகுதான் ஃபோலியோவில் எட்கர் மயக்கம் என்கிறான், நிமிர்ந்து பாருங்கள் என்று லியரிடம் பேசவும் செய்கிறான். குறிப்பு இருக்கும் இடத்திலேயே உயிர் போனதா, சில வரி கழித்தா என்பது திறந்தே கிடக்கிறது. கென்ட் வெடிக்கச் சொல்வது தன் நெஞ்சையா, லியரின் நெஞ்சையா என்பதும் அப்படித்தான்.

அந்த "ஓ, ஓ, ஓ, ஓ"வைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம், அதற்குத் தத்துவம் தேடவும் வேண்டாம். ஹாம்லெட்டின் ஃபோலியோ பாடத்திலும் கடைசிப் பேச்சுக்குப் பின் அதே நான்கு எழுத்து வருகிறது. நடிகர் சாகும்போது எழுப்பும் முனகலுக்கு அச்சு தரும் அடையாளம் அது. எவ்வளவு நேரம், எந்த ஒலியில் என்பது நடிகர் கையில்.

அரங்கவாசி:

எண் பொருந்தாத சிக்கலுக்கு மட்டும் பதில்.

கலவைப் பதிப்பில் நான்காம் அங்கத்தின் மூன்றாம் காட்சி என்பது கென்ட்டும் ஒரு பிரபுவும் கார்டீலியாவின் கண்ணீரைப் பற்றிப் பேசுவது. ஃபோலியோவில் அந்தக் காட்சி முழுதாக இல்லை. எனவே ஃபோலியோவைப் பின்பற்றும் பதிப்புகளில், பைத்தியம் பிடித்த லியர் குருடான குளோஸ்டரைச் சந்திக்கும் டோவர் காட்சி 4.5, கலவையில் 4.6. தந்தையும் மகளும் சேரும் காட்சி அங்கே 4.6, இங்கே 4.7. முதல் குவார்ட்டோவிலோ அங்கப் பிரிவே கிடையாது. அதனால் 1986இல் வெல்ஸும் டெய்லரும் பதிப்பித்த ஆக்ஸ்ஃபோர்டு முழுத் தொகுதியில் குவார்ட்டோ பாடத்துக்குக் காட்சி எண் மட்டும் ஓடும். வரி எண் மாறக் காரணம் உரைநடை. குவார்ட்டோ பல இடங்களில் செய்யுளை உரைநடையாகவும் உரைநடையைச் செய்யுளாகவும் அச்சிட்டுவிட்டது, பதிப்பாசிரியர் ஒவ்வொருவரும் ஒருவிதமாகப் பிரிக்கிறார்கள். பக்க அகலம் மாறினால் உரைநடை வரியும் மாறும்.

ஆய்வேட்டில் ஒரே பதிப்பை அடிப்படையாக வைத்து, முதல் அடிக்குறிப்பில் அதைச் சொல்லிவிடுங்கள். பிறருடைய கட்டுரையிலிருந்து மேற்கோள் எடுத்தால் அவர்கள் தந்த எண்ணை அப்படியே நகலெடுக்காமல் உங்கள் பதிப்பின் எண்ணாக மாற்றுங்கள். ஒரே பக்கத்தில் இரண்டு எண் முறை கலந்தால் தேர்வாளர் தேடிச் சலித்துவிடுவார்.

என்ன வாங்குவது என்றால்: ஆர்டன் மூன்றாம் வரிசையில் ஃபோக்ஸ் பதிப்பு (1997). அது கலவைதான், ஆனால் ஒரு பாடத்தில் மட்டும் உள்ள பகுதிகளின் இருபுறமும் சிறிய மேலெழுத்தாகக் கியூ (குவார்ட்டோ) அல்லது எஃப் (ஃபோலியோ) போட்டிருப்பார்கள். ஒரே புத்தகத்தில் இரண்டையும் பார்க்க இதுதான் எளிது. ஃபோலியோ மட்டும் வேண்டுமென்றால் ஹேலியோவின் கேம்பிரிட்ஜ் பதிப்பு (1992). குவார்ட்டோவுக்கு வெல்ஸின் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பு (2000). எதிரெதிர்ப் பக்கமாகப் படிக்க ரெனே வைஸ் பதிப்பு (1993).

நடுநிசி:

இதுவரை யாரும் தொடாத ஒன்று: யார் மாற்றினார்கள்?

1970களின் பிற்பகுதியிலிருந்து மைக்கேல் வாரன், ஸ்டீவன் அர்க்கோவிட்ஸ், கேரி டெய்லர் போன்றோர் ஒரு வாதத்தைக் கட்டினார்கள்: ஃபோலியோ பாடம் ஷேக்ஸ்பியரே திருத்தி எழுதியது, இவை இரண்டு தனி நாடகங்கள். டெய்லரும் வாரனும் 1983இல் தொகுத்த கட்டுரை நூலுக்குப் பிறகு அது ஏறக்குறைய பாடநூல் கருத்தாகவே ஆகிவிட்டது. 2016இல் பிரையன் விக்கர்ஸ் மறுத்தார். நாடகம் ஒன்றே, ஓக்ஸ் காகிதக் கணக்கைத் தவறாகப் போட்டு நெருக்கியதால் குவார்ட்டோவில் சில விடுபட்டன, ஃபோலியோவில் உள்ள வெட்டுகள் நாடகக் குழு செய்தவை என்பது அவர் வாதம். அவர் நூல் கடும் விமர்சனத்தைச் சந்தித்தது. காகித வாதத்தை நானும் ஏற்கவில்லை: நடுவில் எங்கோ இடம் போதவில்லை என்றால், கடைசிப் பேச்சு, லியரின் மூத்த மகள் கோனரில்லின் கணவன் ஆல்பனியிடமிருந்து எட்கருக்கு ஏன் மாறுகிறது? ஆனால் அவர் எழுப்பிய அடிப்படைக் கேள்வி நியாயமானது. ஒவ்வொரு வேறுபாட்டையும் ஆசிரியரின் எண்ணம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஓர் எடுத்துக்காட்டு. புயலில் லியர் உடைகளைக் கழற்றி எறியும் இடம், 3.4. ஃபோலியோவில் "கம், அன்பட்டன் ஹியர்", அதாவது பொத்தானை அவிழ். இதையும் கடைசிக் காட்சிப் பொத்தானையும் இணைத்து அழகான கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள்: புயலில் வெறியோடு கிழித்தவர் கடைசியில் பணிவோடு கேட்கிறார் என்று. முதல் குவார்ட்டோவின் சில பிரதிகளில் அதே இடத்தில் "கம் ஆன் பீ ட்ரூ" என்றும், வேறு பிரதிகளில் வெறும் "கம் ஆன்" என்றும் இருக்கிறது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அச்சுக்கோப்பவர் கையெழுத்துப் பிரதியில் "அன்பட்டன்" என்ற சொல்லைப் படிக்க முடியாமல் திணறியிருக்கிறார். திருத்தியவரும் மூலத்தைச் சரியாகப் பார்க்காமல், பொருள் புரியாத பகுதியை வெட்டிவிட்டார். இதை வைத்து "குவார்ட்டோவில் பொத்தான் இணைப்பு இல்லை, பின்னால் ஷேக்ஸ்பியர் சேர்த்தார்" என்று எழுதினால் அது அச்சுப் பிழைக்கு எழுதிய விளக்கவுரை.

ஒரே பதிப்பில் இரண்டு வாசகம் எப்படி என்றால், அக்காலத்தில் அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு தாளைப் பிழை பார்த்து, இயந்திரத்தை நிறுத்தித் திருத்துவார்கள். அதற்குள் அச்சான தாள்களைக் காகித விலைக்குப் பயந்து தூக்கி எறிவதில்லை. கட்டும்போது திருத்தியதும் திருத்தாததும் கலந்துவிடும். இன்று எஞ்சியுள்ள 12 பிரதிகளும் இந்த வகையில் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. டபிள்யூ.டபிள்யூ. கிரெக் 1940இலேயே இவற்றை ஒப்பிட்டு வெளியிட்டார்.

இதற்கு மறுதலையும் உண்டு. ஃபோலியோவின் அச்சுக்கோப்பவர்களிடம் இருந்தது, கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட்டுத் திருத்திய இரண்டாம் குவார்ட்டோ என்பது பலர் கருத்து. அப்படியானால் இரண்டு பாடங்களும் ஒத்துப்போகும் இடம்கூடத் தனித்தனியான இரண்டு சாட்சிகள் ஆகாது. குவார்ட்டோவின் பிழை கவனிக்கப்படாமல் ஃபோலியோவுக்கும் போயிருக்கலாம்.

என் பரிந்துரை: ஷேக்ஸ்பியர் மாற்றினார் என்று எழுத வேண்டாம். ஃபோலியோவில் இப்படி இருக்கிறது, அதனால் காட்சியின் விளைவு இப்படி மாறுகிறது என்று எழுதுங்கள். உங்கள் பொருளுக்கு அது போதும். யார் மாற்றியது என்ற வழக்கில் நீங்கள் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை.

கல்லூரிச்சாலை:

மிக்க நன்றி. பயமும் வந்துவிட்டது. என் இரண்டாம் இயல் முழுக்க 3.6இல் வரும் விசாரணைக் காட்சியை வைத்து எழுதியது: முக்காலிகளை மகள்களாக நிறுத்தி லியர் வழக்கு நடத்துவது. நீதி என்ற கருத்தே இந்த நாடகத்தில் சரிகிறது, அதனால்தான் முடிவில் ஆறுதல் இல்லை என்பது என் வாதம். அந்தப் பகுதி ஃபோலியோவில் இல்லையாமே?

ஏட்டுப்பூச்சி:

இல்லை. எட்கரும் கோமாளியும் கென்ட்டும் நீதிபதிகளாக அமர்வது, கோனரில்லை முதலில் நிறுத்து என்பது உட்பட விசாரணை முழுதும் போய்விட்டது. காட்சி முடிவில் எட்கர் தனியாகப் பேசும் பகுதியும் இல்லை. ஃபோலியோவில் கூடுதலாக இருப்பது கோமாளியின் கடைசி வரி: நடுப்பகலில் படுக்கப் போகிறேன். அதோடு அவன் நாடகத்திலிருந்தே மறைகிறான். கோமாளி ஏன் மறைகிறான் என்று எழுதும்போது பலரும் இந்த வரியில் தொடங்குவார்கள். குவார்ட்டோவில் அந்த விடைபெறலே கிடையாது.

இயலைக் கிழிக்க வேண்டாம், வாதத்தை நகர்த்தினால் போதும். விசாரணை போனாலும், இன்னொரு மகள் ரீகனின் உடலைக் கூறுபோட்டு நெஞ்சில் என்ன விளைகிறது என்று பாருங்கள் என்ற வரியை ஃபோலியோ வைத்திருக்கிறது. அதைவிட முக்கியம் டோவர் காட்சி. அங்கே நீதிபதி யார், திருடன் யார் என்று லியர் கேட்பது இரண்டிலும் உண்டு. பாவத்துக்குப் பொன்தகடு போட்டால் நீதியின் ஈட்டி முறிந்துபோகும், யாருமே குற்றவாளி இல்லை, குற்றம் சாட்டுபவனின் வாயை அடைக்கும் அதிகாரம் என்னிடம் இருக்கிறது என்னும் வரிகள் ஃபோலியோவில் மட்டும். குவார்ட்டோவில் பைத்தியம் நீதிமன்றம் நடத்துகிறது. ஃபோலியோவில் பைத்தியம் நீதிமன்றத்தையே கலைத்து எல்லோரையும் விடுவிக்கிறது. உங்கள் இயலுக்கு இது இன்னும் வலுவான அடித்தளம் என்றே நினைக்கிறேன்.

ஆல்பனியையும் கொஞ்சம் கவனியுங்கள். 4.2இல் அவன் கோனரில்லைக் கண்டிக்கும் பேச்சின் பெரும்பகுதி, நீங்கள் மகள்களா புலிகளா என்று கேட்பது உட்பட, குவார்ட்டோவில் மட்டும். அந்தப் பாடத்தில் ஆல்பனி அறத்தின் குரலாக வளர்கிறான், கடைசிப் பேச்சும் அவனுக்கே. ஃபோலியோ அவனைச் சுருக்கிவிட்டுக் கடைசிப் பேச்சை எட்கருக்குத் தருகிறது. மைக்கேல் வாரனின் முதல் கட்டுரை இந்த இருவரைப் பற்றியதுதான். நீதி என்று எழுதிவிட்டு ஆல்பனியைத் தொடாமல் போனால் இயல் குறையாகவே இருக்கும்.

அரங்கவாசி:

காட் பற்றி எழுதும்போது பீட்டர் புரூக்கின் 1962 தயாரிப்பும் வரும், பால் ஸ்கோஃபீல்ட் லியராக நடித்தது. குளோஸ்டரின் கண்களைப் பிடுங்கியபின் இரண்டு வேலையாட்கள் அவருக்கு மருந்து போட முன்வரும் சிறு பகுதியை புரூக் வெட்டினார். கருணைக்கு இருந்த கடைசிச் சுவட்டையும் அழித்துவிட்டார் என்று அப்போது குற்றச்சாட்டு எழுந்தது. அந்த வேலையாட்களின் பேச்சு குவார்ட்டோவில் மட்டும்தான் இருக்கிறது. ஃபோலியோவை அப்படியே மேடையேற்றினாலும் குளோஸ்டர் ஆறுதல் இல்லாமல்தான் வெளியே போவார். ஆக, இங்கே ஃபோலியோதான் கடுமையான பாடம். இறுதியில் "அதோ" என்று வெளிச்சம் காட்டுவதும் அதே பாடம்தான். வெண்பலகை ஏன் எச்சரித்தார் என்பது இப்போது புரியும்.

1681இல் நேஹம் டேட் முடிவையே மாற்றி, லியரையும் கார்டீலியாவையும் உயிரோடு விட்டு, அவளை எட்கருக்குக் கட்டிவைத்ததை ஒரு பத்தியில் சொல்லிவிட்டு நகருங்கள். ஒன்றரை நூற்றாண்டு மேடையை ஆண்ட வடிவம் என்பதால் தவிர்க்க முடியாது, ஆனால் உங்கள் வாதத்துக்கு அதனால் பெரிய பயன் இல்லை. 1605இல் அச்சான, ஆசிரியர் பெயர் தெரியாத பழைய லெயர் நாடகம்தான் பயன் தரும். அதிலும் மன்னர் பிழைத்து அரியணை ஏறுகிறார். அந்தக் கதை தெரிந்து வந்த பார்வையாளர்களுக்கு, கார்டீலியாவின் உடலோடு லியர் நுழைவது எப்படி இருந்திருக்கும் என்பதை விமர்சகர்கள் போதுமான அளவு எழுதவில்லை.

நடுநிசி:

வேலை முறைக்கு ஒரு வழி. 5.3இல், லியர் உடலோடு நுழைவதிலிருந்து முடிவு வரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பத்தி (நெடுவரிசை) கொண்ட அட்டவணை: குவார்ட்டோ, ஃபோலியோ, இந்த வரியை நம்பி நிற்கும் விமர்சகர். பேசுபவரின் பெயர், மேடைக்குறிப்பு, எத்தனை முறை சொல்கிறார் என்பது மூன்றையும் விடாமல் குறியுங்கள். வசனத்தை மட்டும் ஒப்பிடுபவர்கள் கோட்டைவிடுவது இந்த மூன்றில்தான். முதல் இரண்டு பத்தியை நவீனப் பதிப்பிலிருந்து நிரப்ப வேண்டாம். விக்டோரியா பல்கலைக்கழகத்தின் இணைய ஷேக்ஸ்பியர் தளத்தில் இரண்டு பாடங்களும் பழைய எழுத்துக்கூட்டலிலேயே கிடைக்கும். எழுத்துக்கூட்டல் முதலில் தடுக்கும், ஒரு காட்சிக்குள் பழகிவிடும். மூன்றாம் பத்தியில் ஒரு விமர்சகரின் பெயரை எழுதும் முன், அவர் எந்தப் பதிப்பிலிருந்து மேற்கோள் காட்டினார் என்று அவர் நூலின் முன்னுரையில் பாருங்கள். பலருடைய சண்டை அங்கேயே பாதி தீர்ந்துவிடும்.

வெண்பலகை:

அதே அட்டவணையில் 4.7ஐயும் சேர்க்கச் சொல்வேன். லியர் கண்விழிக்கும்போது குவார்ட்டோவில் மருத்துவர் இருக்கிறார், இசையை உரக்க வாசிக்கச் சொல்கிறார். ஃபோலியோவில் மருத்துவர் வெறும் பிரபு ஆகிவிடுகிறார், அந்த இசையும் இல்லை. மீட்பு, மறுபிறப்பு என்று எழுதுபவர்கள் பெரிதும் நம்புவது அந்த இசையைத்தான். முடிவில் ஆறுதல் உண்டா என்ற உங்கள் கேள்விக்கு எதிர்த்தரப்பு அங்கிருந்துதான் வரும்.